மைத்துனர் என்று சொன்னவன்

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் கொழும்பில் என்னை ஏமாற்றிய வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கொட்டாஞ்சேனையில் யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். சீமெந்து மூட்டை தூக்கத் தொடங்கியவன், சண்டைக் காலத்திலேயே ஒருகொடவத்தையில் சொந்த லொறிகள் நிறுத்தி வைக்கும் நிலைக்கு வந்தேன். அந்த நாட்களில் தமிழன் ஒருவன் கொழும்பில் லொறி ஓட்டுவதென்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியும் ஒரு சோதனைதான். அதிலெல்லாம் சித்தியடைந்தவன் நான். என் நித்திரையைக் கெடுத்தது ஒரு ரெலிபோன்.

என் தங்கச்சி வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தாள். புருஷன், அதாவது என் மச்சான், புறக்கோட்டையில் ஒரு பிடவைக்கடையில் கணக்கெழுதியவர். பயந்த மனிதர். மழைக்கு அயல்வீட்டில் குடை வாங்கினால்கூட அது திரும்பிப் போகும்வரை அவருக்குச் சோறு இறங்காது. நெஞ்சு நோகுது என்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர், பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தார்.

செத்தவீட்டுச் செலவெல்லாம் என்னுடையது. மரண அறிவித்தலும் நான்தான் கொடுத்தேன், பேப்பரிலும் ரேடியோவிலும். சும்மா நாலு வரி இல்லை. இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மைத்துனர் என்று முழுவதும். தொழில் என்ன என்று பேப்பர்க் கந்தோரில் கேட்டார்கள். "பிரபல வர்த்தகர்" என்று போடச் சொன்னேன். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, அந்த அழுகைக்குள்ளும், "அவர் கணக்கெழுதினவர்தானே அண்ணை" என்றாள். செத்த மனிதனுக்கு ஒரு பதவி கொடுத்தால் யாருக்கு நட்டம் என்று கேட்டேன். இன்றைக்கும் என் கருத்து அதுதான்.

அறிவித்தலின் முடிவில் வழமைப்படி வீட்டு ரெலிபோன் இலக்கமும் போட்டிருந்தது. சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்த காலம். ஊரில் இருந்தவர்கள் ரேடியோவில் கேட்டுத்தான் ஒரு சாவை அறிந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் அந்த இலக்கத்துக்கு எடுத்து அழுதார்கள். அதனால் மணி அடித்தபோதெல்லாம் தங்கச்சி ஓடிப்போய் எடுத்தாள். அந்த அழுகைக் குரல்களுக்கு நடுவில்தான் அவனும் வந்தான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒருநாள் பின்னேரம் போயிருந்தேன். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவள், போகாமல் நின்றாள்.

"அண்ணை, தாலிக்கொடியை விக்கிறதெண்டால் செட்டியார் தெருவிலை ஆரிட்டைக் குடுக்கலாம்?"

அந்தக் கொடி அவள் தன் மகளுக்கென்று எடுத்து வைத்தது. அவள் கையில் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதட்டித்தான் விஷயத்தைக் கறக்க வேண்டியிருந்தது. ஒரு கடன் கொம்பனியிலிருந்து ஒருவன் ரெலிபோன் எடுக்கிறானாம். நல்ல தமிழ், நல்ல மரியாதை, வாய்க்கு வாய் "அம்மா". மச்சான் தங்களிடம் பெருந்தொகை வாங்கியவர், வட்டி ஏறிக்கொண்டு போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் பாதியாவது கட்டினால் மீதியைத் தள்ளித் தரலாம் என்கிறானாம். அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம், செத்த மனிதனின் மானம் போய்விடும் என்றும் சொன்னானாம்.

பொலிசுக்குப் போவேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னாளாம். அதற்கு அவன் சிரித்திருக்கிறான். போங்கோ அம்மா, இவ்வளவு காசையும் வாங்கி அவர் எங்கே அனுப்பினவர் என்று உங்களைத்தானே முதலில் கேட்பார்கள் என்றானாம்.

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு அந்த ஒரு கேள்வியின் பாரம் விளங்காது. அந்த நாட்களில் ஒரு தமிழன் பெரிய காசு வாங்கி, அது போன இடம் தெரியவில்லை என்றால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுப்பார்கள், இயக்கத்துக்குப் போனது என்று. செத்தவனைப் பிடிக்க ஏலாது. பெண்சாதியைப் பிடிக்கலாம்.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்றையும் அவன் செய்திருந்தான். "எனக்குத் தெரியாமல் வாங்கியிருப்பாரோ அண்ணை?" என்று அவள் கேட்டாள். ஒரே பாயில் படுத்த மனிதரில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருடைய சேட்டுப் பைகளையெல்லாம் தடவிப் பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டு ரெலிபோனடியில் கதிரை போட்டுக் குந்தினேன். அவன் எடுத்ததும் ரிசீவரை நான் தூக்கினேன். ஆண் குரல் கேட்டும் அவன் ரெலிபோனை வைக்கவில்லை. நிதானமாகக் கேட்டான்.

"நீங்கள் அன்னாரின்ரை மைத்துனர்தானே ஐயா?"

இந்த இடத்தில்தான் ஒருகொடவத்தையில் படித்த படிப்பு உதவியது. ஆட்களின் வாயைப் பார்த்தே சாமானின் தரம் சொல்கிறவன் நான். தமிழன் எவன் வாயால் மைத்துனர் என்று சொல்லுவான்? மச்சான் என்போம், அத்தான் என்போம். மைத்துனர் உயிரோடு இருப்பது மரண அறிவித்தலில் மட்டும்தான். அன்னாரும் அங்கேதான் இருக்கிறார். மச்சானோடு கொடுக்கல் வாங்கல் செய்தவன் என்றால் அவரை வேறுவிதமாக அறிந்திருப்பான். இவன் அறிந்தது ரேடியோவில் என்று மனம் சொன்னது.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் வைத்துவிடுவான். கொம்பனி எங்கே என்று கேட்டேன். கொழும்பில் என்றான். கொழும்பு பெரிசு, எந்த வீதி என்றேன். அது தேவையில்லை, சந்தையடியில் தங்கள் ஆள் வந்து காசை எடுக்கும் என்றான். மச்சான் கையெழுத்து வைத்த கடதாசியைக் காட்டு, உண்மையான கடன் என்றால் நானே கட்டுகிறேன் என்றேன். கடதாசி தலைமைக் கந்தோரில் இருக்கிறதாம். உன் ரெலிபோன் இலக்கத்தைத் தா, நானே எடுக்கிறேன் என்றேன். தாங்கள்தான் எடுப்பார்களாம், வெளியார் எடுக்க முடியாதாம். காசு வாங்க மட்டும் ஆள் வரும், மற்றதெதற்கும் ஆளில்லாத கொம்பனி.

கடைசியாகக் கேட்டேன். "சரி தம்பி, என்னத்துக்கெண்டு வாங்கினவர்?"

"கடைக்குச் சாமான் போட, ஐயா. அவர் பிரபல வர்த்தகர் எல்லோ."

"எத்தினை கடை?"

"ரெண்டு மூண்டு இருக்கும்."

பக்கத்தில் நின்ற தங்கச்சிக்கும் கேட்கட்டும் என்று நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். ரெண்டு மூன்று கடை. பிரபல வர்த்தகர். அவள் வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"தம்பி, அந்தப் பட்டம் நான் காசு குடுத்துப் போட்டது. அவர் ஆரின்ரையோ கடையிலை கணக்கெழுதினவர். இனி இந்த வீட்டுக்கு எடுக்காதை."

மரியாதை அத்தோடு போனது. எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லுகிறோம், ராத்திரிக்கு ஜீப் வரும் என்று அவளிடம் சொல்லி வை என்றுவிட்டு வைத்தான்.

உன்னுடைய பட்டத்தைக் கேட்டுத்தானே அவன் வந்தான் என்று பிறகு சொந்தக்காரர் சிலர் என்னிடம் சொன்னார்கள். கணக்கெழுதினவர் என்று போட்டிருந்தால் அவனை எதில் பிடித்திருப்பேன் என்று நான் திருப்பிக் கேட்டேன். 

ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்பீர்கள். பொலிசில் முதலில் அடையாள அட்டை, பிறகு எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், ஏன் வந்தாய். எங்கள் முறைப்பாட்டின் முறை வருவதற்குள் நாங்களே முறைப்பாடாகிவிடுவோம். அதை அறிந்துதான் அவன் கதைத்தான். அதுதான் அவனுடைய கைமுதல்.

அடுத்த கிழமை அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டார்கள். வெள்ளவத்தையில் அது புதுமையில்லை. பொலிஸ் பதிவுத் துண்டு பார்த்தார்கள், அலுமாரியைக் கிளறினார்கள், போனார்கள். நான் ஓடிப்போனபோது தங்கச்சி கட்டிலில் இருந்தாள், மடிக்குள் ஒரு சீலைத்துண்டு.

"குடுத்திருந்தால் வந்திருக்க மாட்டாங்கள், என்ன அண்ணை?"

ஒழுங்கை முழுக்கத்தானே பார்த்தார்கள் என்றேன். "எங்கடை கதவைத்தான் முதல் தட்டினவங்கள்" என்றாள். யாரோ ஒருவரின் கதவை முதலில் தட்டத்தானே வேண்டும் என்று பெரிய குரலில் சொன்னேன். என் குரல் பெரியது, எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அது எனக்கே போதவில்லை.

அவள் சீலைத்துண்டை என் கையில் வைத்தாள். உள்ளே கொடி. "கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போங்கோ. இஞ்சை இருந்தால் அவன் இன்னொருக்கால் எடுக்கேக்கை நான் குடுத்துப் போடுவன்."

பொய் என்று காதால் கேட்டவள். பிறகும் கொடுப்பாள். அதை அவளே அறிந்திருந்தாள்.

கொடியைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டி, சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் பையைத் தடவி, துண்டை வெளியே எடுத்து விரித்தான். "காகேத மே?" என்றான். யாருடையது என்கிறான். நங்கியுடையது, தங்கச்சியுடையது என்று சிங்களத்தில் சொன்னேன். நங்கியுடையது என்றால் ஏன் உன்னிடம் என்று கேட்டான்.

உண்மையைச் சொல்லலாம். ரெலிபோன், கடன், இல்லாத காசு. அதைக் கேட்டால் அவன் அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். தங்கச்சியிடம் அந்தக் கள்ளன் கேட்ட அதே கேள்வி, இந்த முறை கையில் துவக்கோடு.

கொடியின் கொளுக்கி உடைந்துவிட்டது, திருத்தக் கொண்டுபோகிறேன் என்றேன். அவன் கொளுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது உடைந்திருக்கவில்லை.