பூசாத கட்டடத்துக்கு ஒரு மனு

எங்கள் ஊர் யூனியன் ஆபீஸைப் பார்த்து அழகு என்று சொன்ன மனிதரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவரும் வெளியூர்க்காரர். ஊருக்குள் அதற்குப் பெயர் ‘பூசாத கட்டடம்’. கட்டி ஐம்பது வருஷம் ஆகிறது. பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள், பலகையைப் பிரித்தார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள். மரத்தின் ரேகைகூடச் சுவரில் அப்படியே பதிந்து கிடந்தது. கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டான் என்று ஒரு கூட்டமும், சர்க்கார் வேலை அப்படித்தான் என்று இன்னொரு கூட்டமும் பேசிப் பேசி ஓய்ந்துபோயின. எதிரே ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் நான் தினமும் அந்தச் சாம்பல் மூஞ்சியில்தான் முழிக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள், பொல்லாப்பு எதற்கு.

ஆனால் வாசலுக்கு மேலே துருத்தி நிற்கும் கான்கிரீட் கூரையை யாரும் குறை சொல்ல முடியாது. தூண் இல்லாமலே ஒரு லாரி நிற்கிற அகலத்துக்கு நீட்டியிருந்தார்கள். சித்திரை வெயிலிலும் அதன் அடியில் தரை சில்லென்றிருக்கும். ஆனிச் சாரல் எவ்வளவு சாய்ந்து அடித்தாலும் சுவரோரம் நனையாது. அந்தச் சுவரோரம்தான் வேல்விழியின் இடம். மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு மனு எழுதிக்கொடுப்பாள்.

அவள் வீட்டுக்காரர் சங்கிலி, கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவராக இருந்தவர். மலை வளைவில் ஜீப் கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. உதவித்தொகை கேட்டு அவளே எழுதி அவளே கொடுத்ததுதான் முதல் மனு. வாங்கிப் படித்த குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அந்தப் பேச்சு ஊருக்குள் பரவி, “வேல்விழி எழுதினா கல்லும் கரையும்” என்று தேடி வர ஆரம்பித்தார்கள். கூரையில் ஓட்டை என்றால் கூரையே இல்லை என்று எழுதுவாள். அரைவயிறு என்றால் பட்டினி என்பாள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே உள்ளதை உள்ளபடி எழுதினால் எந்த ஆபீஸர் காதில் விழுகிறது?

வீடு ஆபீஸுக்குப் பின்தெரு. எழுதுவதற்கு நடுநடுவே ஓடிப்போய்ச் சங்கிலியைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருவாள். திருப்பாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். வருஷக்கணக்காக இப்படி ஓடி, அவளுக்கு முகமெல்லாம் அசதி. “தூங்கி எந்திரிச்சாலும் தூக்கம் வருதுண்ணே” என்பாள்.

போன வருஷம் கட்டடத்தை இடிக்கப் போவதாகவும் ஆபீஸ் பைபாஸுக்குப் போவதாகவும் பேச்சு வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. அவள் மட்டும் என் கடைக்கு வந்து நின்றாள்.

“அங்கனயிருந்து எப்படிண்ணே ஓடியாரது? பஸ்ஸுக்கு நிக்கவே பாதிப் பொழுது போயிருமே. எழுதப் போனா இவருக்குப் புண்ணு. போகலைன்னா சோத்துக்கு என்ன வழி?”

அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற எவன் வருவான் என்றுதான் நினைத்தேன். வந்தார் ஒருவர். விஜய்ராஜ் என்று கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க அரசுக்கு யோசனை சொல்லும் குழுவிலும் இருக்கிறாராம். சுருளி அருவிக்குப் போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு, வேல்விழிக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

“இது பூசாம விட்டது இல்லைம்மா, பூசக் கூடாதுன்னு விட்டது. சிமெண்டைச் சிமெண்டாவே காட்டணும்னு அப்ப உலகம் பூரா ஒரு கொள்கை இருந்துச்சு. புரூட்டலிசம்னு பேரு.”

“மழைக்கு ஒழுகும் சார்” என்றேன் நான்.

“ஒழுகுறதை அடைச்சுக்கலாம். இந்தச் சுவரைத் திரும்பச் செய்ய முடியாது. ஊர்லேர்ந்து ஒரு மனு வரட்டும், குழுவோட வந்து பார்க்கிறேன். பாரம்பரியக் கட்டடம்னு அறிவிச்சுட்டா யாரும் கை வைக்க முடியாது, ஆபீஸும் இங்கேயே இருக்கும்.”

ஊருக்கெல்லாம் எழுதியவள் அன்றைக்குத் தனக்காக எழுதினாள். நகல் எடுக்க வந்தபோது எனக்குப் படித்தும் காட்டினாள். ‘ஐம்பது ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றி அனாதையாக நிற்கும் இக்கட்டடம், பூச்சின்றி, வண்ணமின்றி, காண்போர் முகம் சுளிக்கும் நிலையில் உள்ளது. மழைக்காலத்தில் இதன் சுவர்கள் கண்ணீர் வடிக்கின்றன. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து இதனைக் காப்பாற்றித் தருமாறு...’ இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். குழுவுக்கு ஒன்று, மேலிடத்துக்கு ஒன்று என்று இரண்டு உறையில் போட்டு அனுப்பினோம்.

மேலே போகிற மனு மேலேயே தங்காது. ‘தகுந்த நடவடிக்கைக்கு’ என்று முத்திரை குத்தி, எந்த ஆபீஸைப் பற்றிய மனுவோ அந்த ஆபீஸுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எங்களுக்குத் தெரியாததில்லை. கூறு கெட்டவர்களுக்கு அந்த நேரம் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

குழு வருகிறது என்று தகவல் வந்த வாரத்தில், ஒரு நாள் காலையில் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி நின்றது. கொத்தனார் தங்கப்பாண்டி சுவரைக் கொத்திவிட்டுக் கலவையை அப்பிக்கொண்டிருந்தார். இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்குப் பூச்சு என்று கேட்பீர்கள். மனுவுக்கு மேலே பதில் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து குழு வேறு வருகிறது. பெரிய மனிதர் வந்தால் ரோட்டோரக் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிக்கிற ஊர் இது.

“நிறுத்துங்கய்யா! யாரு பூசச் சொன்னது?” என்று வேல்விழி ஓடினாள்.

“ஏன் ஆத்தா சத்தம் போடுறீக? உங்க மனுவுக்குத்தான் வேலை நடக்குது” என்றார் தங்கப்பாண்டி.

அவள் பி.டி.ஓ. அறைக்கு ஓடினாள். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன். பி.டி.ஓ. சூரியபிரகாஷ் நல்ல பிள்ளை, எவரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். சந்தோஷமாகச் சிரித்தார்.

“சார், பூசாம இருக்கிறதுதான் அதுக்குப் பெருமையாம் சார்” என்றாள்.

“நீங்கதானேம்மா முகம் சுளிக்கும் நிலைன்னு எழுதியிருக்கீங்க?” மனுவை எடுத்துக் காட்டினார். “அப்ப மனுவுல நீங்க எழுதுறதெல்லாம் நெசமில்லையா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். வேல்விழியின் கண் அவருடைய மேசைக்குப் போனது. விதவை உதவித்தொகை கேட்டுப் பாண்டீஸ்வரிக்கு அவள் எழுதிக்கொடுத்த மனு அங்கே மேலாக இருந்தது. அதற்கு அடியில் இருந்தவையும் பாதி அவள் எழுத்துத்தான்.

“நெசந்தான் சார்” என்றாள். வெளியே வந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உள்ளதைச் சொல்லித் தொலைச்சா என்ன?” என்று கத்தினேன்.

“கூட்டி எழுதினேன்னு என் வாயால சொல்லிட்டா, பாண்டீஸ்வரி மனுவை இனி யாருண்ணே நம்புவாக?”

வாத்தியாருக்குப் போன் போட்டேன். அவர் வகுப்பு முடித்துத் திரும்பக் கூப்பிட்டபோது முன்சுவர் முடிந்திருந்தது. தடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறேன் என்றார். கடிதம் வருவதற்குள் பிஸ்தா பச்சை அடித்து, ஓரத்துக்குக் காவிப் பட்டையும் போட்டுவிட்டார்கள்.

குழு வந்தது. வாசலில் சந்தனம், கல்கண்டு எல்லாம் வைத்திருந்தார்கள். விஜய்ராஜ் காரைவிட்டு இறங்கி, வேறு ஊருக்கு வந்துவிட்டவர் போல அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு சுவரோரம் வந்தார்.

“இனிமே இதுல காப்பாத்த ஒண்ணும் இல்லைம்மா” என்றார். குழுவில் இருந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனார்கள். தை பிறந்ததும் ஆபீஸ் பைபாஸுக்குப் போகிறது என்று மறுவாரமே உத்தரவு வந்துவிட்டது.

உத்தரவு வந்த அன்று மத்தியானம் ஆபீஸ் குமாஸ்தா பொன்னுராஜ் ஒரு தாளோடு வேல்விழியிடம் வந்தான். “உங்க மனுவை முடிச்சு மேல அனுப்பணும்க்கா. இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பக்கத்தில் நின்ற நான் வாங்கிப் பார்த்தேன். ‘கட்டடம் பூசி வண்ணம் அடிக்கப்பட்டது. மனுதாரர் முழுத் திருப்தி அடைந்தார்.’

“போடாதே” என்றேன். “முகத்தில விட்டெறி.”

“விட்டெறிஞ்சா இவன்தாண்ணே மேல பதில் சொல்லணும். இவன் என்ன செய்வான், பாவம்” என்றாள். அட்டையை மடியில் சரிசெய்து கையெழுத்துப் போட்டாள். பொன்னுராஜ் தாளை வாங்கிக்கொண்டு போனதும் எழுந்தாள். சங்கிலியைத் திருப்பிவிடுகிற நேரம்.

“தை பிறந்தா இவரை யாருண்ணே திருப்பிப் போடுவா?” என்று கேட்டாள். அட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பின்தெருவுக்குள் ஓடினாள்.