காரில் ஏற்றாத மனிதர்

குடிவெறி என்று நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் பேச்சையும் வலது கையையும் இழந்தார்.

அறுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நாரந்தனையில் நான் ஆசிரியர். எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் வளவுப் பனைகளில் கள் சீவுகிறவர் ஒருநாள் காலை மர உச்சியில் இருந்தபோது குளவிக்கூடு கலைந்தது. குளவிகள் கொட்டக் கொட்ட எப்படியோ இறங்கிவிட்டார். இடுப்பில் கட்டிய மண்முட்டி உடைந்து, கள் உடம்பெல்லாம் வழிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கழுத்து தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல முயன்றார், நாக்குப் புரளவில்லை.

அவருடைய மனைவி ஓடிவந்தார்.

"ஐயா, காரிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்கோ."

"வெறி. நிழலிலை கிடத்து, தெளிஞ்சிடும்."

"அவர் ஒரு சொட்டும் வாயிலை வைக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, ஐயா."

தெரியும். முட்டி உடைந்ததையும் கண்டிருந்தேன். ஆனால் அவருடைய சாதி ஆட்கள் எங்கள் வீடுகளில் கதிரையில் அமர்வதில்லை, நிலத்தில்தான் இருப்பார்கள். காரில் இருத்தினால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் எனக்கு வந்த யோசனை. படித்தவன் அல்லவா, அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். கள் மணம் உதவிக்கு வந்தது.

மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். வழியில் வலிப்பு வந்ததாம். சில வாரம் கழித்து டாக்குத்தர் என்னிடம் சொன்னார்: "விஷத்தை விட, உடம்பு அதை ஏற்காததுதான் பிழை. பிறஷர் விழுந்து மூளைக்கு இரத்தம் போகேல்லை. நேரத்தோடை வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம்."

காரில் ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை அவரை முன் இருக்கையில் இருத்தி, கை கால் பயிற்சிக்காக யாழ்ப்பாணம் கூட்டிப் போனேன். என் சொந்தக்காரர் சிலர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அவருடைய கால் கொஞ்சம் தேறியது, கை தேறவில்லை. வாயில், சம்மதம் சொல்லும் "ஓம்" என்ற ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது.

இரண்டாம் வருடம் ஒருநாள், அவரை வீட்டில் இறக்கிவிட்டு, மனைவிக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நீர் குடிக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஏத்தேல்லை. என்னை மன்னிப்பீரோ?"

"ஓம்," என்றார்.

மனைவி துவாயால் அவருடைய வாயைத் துடைத்தார். "பசிக்குதோ எண்டாலும் ஓம். சாகப்போறியளோ எண்டாலும் ஓம். அவரிட்டைக் கேட்டு என்ன? என்னைக் கேளுங்கோ, ஐயா."

கேட்டேன்.

"என்னாலை ஏலாது," என்றார். "வாற கிழமை விடிய வெள்ளனவே காரைக் கொண்டுவாங்கோ."

அந்த மனிதர் சாகும்வரை அவரைக் காரில் கொண்டுபோனேன். மறுபடி மன்னிப்புக் கேட்கவில்லை.