என் தொண்டை கட்டவில்லை

பிரியமானவர்களே, முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெபத்துக்குப் பரலோகத்தில் மதிப்பெண் போடுகிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். எங்கள் சபையில் அருவிபோல ஜெபிக்கும் செல்வின் அண்ணனுக்கு நூற்றுக்கு நூறு. எனக்கு, வந்து உட்கார்ந்ததற்காக இரண்டு.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரக் கடையில் எனக்கு வேலை. அங்கே நான் வேடிக்கை பேச வாயைத் திறந்தால் மூட்டை தூக்கும் மலையாளச் சேட்டன்மார் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதே வாய் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தமிழ்ச் சபையார் வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராகச் சங்கிலி ஜெபம் செய்வார்கள். செல்வின் அண்ணன் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு அவரை அளந்துகொண்டிருப்பேன். நல்ல வாக்கியமாக ஒன்றைப் பொறுக்கி அடுத்த வாரத்துக்கு வைத்திருப்பேன். அடுத்த வாரம் எனக்கு முந்தி உட்கார்ந்திருக்கும் அக்கா அதையே சொல்லி முடித்துவிடுவார். உள்ளங்கை வியர்க்கும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் முறை நெருங்கும்போது சாயா போட அடுக்களைக்குப் போய்விடுவேன். சபையில் என் சாயாவுக்கு நல்ல பெயர்.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து மகள் ஷீபாவுக்கு நிச்சயதார்த்தம். மோதிரம் மாற்றுமுன் இரண்டு தகப்பன்மாரும் சத்தமாக ஜெபிப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா ஆலுவாக்காரர். அவர் ஜெபித்தால் பிரியாணி ஆறிவிடும் என்பார்கள். அவ்வளவு வரம்!

"பாஸ்டரையே ஜெபிக்கச் சொல்லிடலாமே?" என்று மெல்லக் கேட்டேன்.

"அப்பா, நீங்க ஜெபிக்காம நான் மோதிரம் போட மாட்டேன்" என்றாள் ஷீபா. அவள் கண் கலங்கியிருந்தது.

"கடையில எல்லாரையும் களியாக்கிச் சிரிக்க வைக்கத் தெரியுது, சொந்தப் பொண்ணுக்கு நாலு வார்த்தை வராதா?" என்றாள் மனைவி கிரேஸி.

எனக்குத் தூக்கம் போயிற்று. "ஆண்டவரே, தொண்டையைக் கட்டிப்போடும்" என்று விசுவாசத்தோடு வேண்டினேன். விசுவாசத்துக்குத் துணையாக ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன். நிச்சயதார்த்த நாள் விடிந்தபோது என் குரல் மணிபோல் இருந்தது.

மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் ஒளிந்து நின்றேன். முதல்முறையாக யாரையும் அளக்காமல் ஜெபித்தேன். "கர்த்தாவே, சம்பந்தியைப்போல ஜெபிக்க என்னால் முடியாது. நான் ஓடிப்போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும்." அழுதுவிட்டேன். கிரேஸி வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

எழுந்து நின்றேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. எம் பொண்ணையும் இந்தப் பையனையும் பாத்துக்கோங்க. ஆமென்."

ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சம்பந்தி மைக்கை வாங்கினார். "எனக்கும் அதேதான் ஆண்டவரே. ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பந்தியில் என் காதருகே வந்தார். "சம்பந்தி, மட்டாஞ்சேரிக்காரர் பேசினா ஆளுங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்கன்னு என் மோன், உங்க மாப்பிள்ளை, சொன்னான். நம்ம ஜெபத்துக்குக் கொட்டாவிதான் வரும்னு எனக்கு ஒரே பேடி, பயம். நீங்க பயம்னு சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

நான் அவரை அளந்த அதே கோலால் அவரும் என்னை அளந்து நடுங்கியிருக்கிறார். சிரிப்பதா, அழுவதா?

இப்போதும் என் முறை வரும்போது கை வியர்க்கிறது. ஆனால் அடுக்களைக்கு ஓடுவதில்லை. செல்வின் அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறேன். அவர் ஜெபிப்பதை இப்போதுதான் கேட்கிறேன், ஆமென் சொல்கிறேன். என்னைப்போல அடுக்களையில் ஒளிந்திருப்பவர்களே, உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். கேட்டதையெல்லாம் தரமாட்டார், ஆனால் ஓடாமல் நிற்கப் பெலன் தருவார்.

நடந்தது இதுதான்: இரண்டு ஜெபமும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குப் பிரியாணி சூடாக இருந்தது.