டொக்டர் சொன்ன மூன்று காரணங்கள்

நெடுந்தீவின் வெட்டவெளியில், கல்வேலியொன்றில் ஒரு காலை ஊன்றி, கண்ணில் தூரக்கண்ணாடியோடு டொக்டர் நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் கால்நடை வைத்தியர். ஆய்வுகூடப் பயிற்சி முடித்த நான், அவருடைய அலுவலகத்தில் ஆடுமாடுகளின் இரத்த மாதிரிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீட்டுக்கும் டொக்டர் வீட்டுக்கும் இடையில் மாற்றுச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் எனக்கு, அவருடைய தங்கை என் அண்ணனுக்கு. பேச்சு நடக்கும்போது நாங்கள் இருவரும் தனியே வெளிவேலைக்குப் போவது அழகில்லை என்று அம்மா சொன்னதால், தென்பகுதிக் கடையிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அண்ணனும் அன்று துணைக்கு வந்திருந்தார்.

எதிரே காட்டுக் குதிரைகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு ஆண் குதிரைகள் மட்டும் விலகி நின்று, ஒன்றின் கழுத்தில் ஒன்று கழுத்தை வைத்து உரசிக்கொண்டிருந்தன.

"டொக்டர், உதுகளுக்கும் ஒரு சம்பந்தம் பேசலாம் போல," என்று எங்களைத் தீவுக்குக் கொண்டுவந்த வள்ளக்காரர் சிரித்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. ஆண் ஆணோடு சேர்வதை ஆடுகளிலும் பறவைகளிலும் கண்டிருப்பதாகச் சொல்லி, தூரக்கண்ணாடியை அண்ணனிடம் கொடுத்தார். அதைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அண்ணன் கேட்டார், "மனிசரிலயும் அப்பிடியோ?"

"ஓம். மனிசர் மட்டும் என்ன வேறயோ?"

திரும்பும் வழியெல்லாம் டொக்டர் அதைப் பற்றியே பேசினார். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனதில் நிற்கும். அவர் சொன்னவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று, இது பிறவியிலேயே வருவது, பெற்றோர் வழியாக இறங்குவதாகவும் இருக்கலாம். இரண்டு, பிள்ளை பெறாதவன் தன் சகோதரங்களின் பிள்ளைகளைத் தாங்குகிறான், அவர்கள் மூலம் அவன் இரத்தமும் நிலைக்கிறது, ஆகவே அந்தக் குணம் அழிந்துபோவதில்லை. மூன்று, ஓர் இனத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் பரிணாமமே நடக்காது. முடிவான விடை இன்னும் எவருக்கும் தெரியாது என்றும் சொன்னார். "ஆனா பழகிப் பழுதாப் போனவங்கள் எண்டு சொல்லுறது மடைத்தனம்." வள்ளத்தின் இயந்திரச் சத்தத்துக்கு மேலாக அவர் அதை உரத்துச் சொன்னபோது அண்ணனின் முகம் இளகியதை நான் பார்த்தேன். அண்ணன் கடையை யாரோடு சேர்ந்து நடத்தினார், அவருக்கு அந்த மனிதர் யார் என்பது வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

மாற்றுச் சம்பந்தத்தில் ஒரு பக்கம் கழன்றால் மற்றதும் கழன்றுவிடும். என்னை நினைத்துத்தான் அண்ணன் அதுவரை வாய் திறக்காமல் இருந்தார். அன்றிரவு சாப்பிடும்போது, மற்றவர்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "அந்தப் பிள்ளையைக் கட்டி ஏமாத்த எனக்கு ஏலாது, தங்கச்சி. டொக்டர் விளங்கிற மனிசன். நானே சொல்லப் போறன்," என்றார்.

சாட்டிக் கடற்கரையில் வைத்துச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். டொக்டர் அவருடைய தோளில் கைவைத்தார். "நீர் சொன்னது பெரிய காரியம். இது என்னோட இருக்கும். என்ர தங்கச்சியின்ர பேச்சை நான் வேற ஏதும் சொல்லி நிப்பாட்டுறன். எங்கட பேச்சு நிக்காது." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று அவரை மணக்க எனக்கு இருந்த விருப்பம் இரட்டித்தது.

சில நாளில் டொக்டரின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை.

"பெடியனில நாங்கள் பிழை சொல்லேல்லை. மருமோன் படிச்சவர், விளக்கமாத்தான் சொன்னவர். உது பரம்பரையில வாறதாம். அப்ப உங்கட பெட்டையின்ர பிள்ளையளுக்கும் இறங்குமெல்லோ? தெரிஞ்சுகொண்டு எப்பிடிச் சம்பந்தம் செய்யிறது?"

எங்களைப் பெற்ற ஐயாவுக்கு எதுவும் விளங்கவில்லை. டொக்டரின் மாமன் விளங்கப்படுத்தினார். அவர் போனபின் ஐயா அண்ணனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசலைக் காட்டினார். அம்மா குசினியிலிருந்து வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார், "பிள்ளை, உது என்ர பக்கத்தாலயோ, ஐயாவின்ர பக்கத்தாலயோ வந்தது?"

பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணன் சொன்னார், "ஊர்ச்சனம் கல்லெறிஞ்சிருந்தா தாங்கியிருப்பன். டொக்டர் விளக்கமெல்லோ சொன்னவர்."

மறுநாள் அலுவலகத்தில் டொக்டர் தலை நிமிராமல் பேசினார். "என்ர அம்மா துருவித் துருவிக் கேட்டவ. நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளையும் யோசிக்க வேணுமெல்லோ? நான் சொன்னதில பிழை இருக்கோ, சொல்லும்."

சொன்னதில் அல்ல, சொல்லாமல் விட்டதில்தான் பிழை இருந்தது. அதுதான் இன்றும் வலிக்கிறது. அறியாத ஒருவராக இருந்திருந்தால் நாங்கள் அவரிடம் போயிருக்கவே மாட்டோம். மூன்று காரணங்களில் முதலாவதை மட்டும், அதிலும் 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிட்டு, அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். வள்ளத்தில் வைத்து என் அண்ணனைக் குற்றத்திலிருந்து விடுவித்த அதே வசனம், ஒரு மாதத்துக்குள் எங்கள் குடும்பம் முழுவதையும் குற்றவாளியாக்கியது. என் சின்னத் தங்கையின் கலியாணத்துக்கு வேண்டியதெல்லாம் அண்ணன்தான் அனுப்பினார். அழைப்பிதழில் அவர் பெயரைப் போடவில்லை. அதன்பின் எனக்குச் சம்பந்தம் எதுவும் வரவில்லை. நானும் வேறிடத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டேன்.

அதெல்லாம் நடந்து ஏழெட்டு வருடம் கழித்து, போன வருடம் ஊருக்கு வந்திருந்தபோது குறிகட்டுவான் இறங்குதுறையில் டொக்டரைக் கண்டேன். நயினாதீவுக் கோயிலுக்குப் போகக் குடும்பத்தோடு வந்திருந்தார். மனைவியையும் பிள்ளையையும் முதலில் வள்ளத்தில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"சுகமா இருக்கிறீரோ? கண்டா ஒண்டு சொல்ல வேணுமெண்டு இருந்தனான். புதுசா வாற புத்தகங்களைப் பாத்தா, உது அப்பிடி நேர இறங்கிறதெண்டு ஒருத்தரும் காட்டேல்லை. சகோதரங்களுக்கு இருக்க வேணுமெண்டும் இல்லை. அண்டைக்கு நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டன்."

"அப்ப ஒருக்கா வீட்டை வந்து அம்மாட்டைச் சொல்லுவியளோ, டொக்டர்? அவ இப்பவும் தன்ர பக்கத்தால வந்தது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அவர் வள்ளத்தைப் பார்த்தார். "இப்ப போய் உதுகளை ஏன் கிளறுவான்?" என்றார். பிறகு, வள்ளம் வெளிக்கிடப் போகிறது என்று சொல்லி நடந்தார்.

அங்கிருந்து எங்கள் வீடு பஸ்ஸில் சிறிது தூரம்தான். அவருக்கு வழி தெரியும்.