சட்டத்தில் வைத்த சந்தனம்

என் வீட்டுப் பூசை மாடத்தில் அம்மாவின் சந்தனக்கல் இருக்கிறது. நடுவில் தேய்ந்து குழிந்த கல். அதில் நீர் தெளிக்கும்போதெல்லாம், ஒரு பங்குனி மாதத்தில் அது நாள்தோறும் ஈரமாகவே கிடந்தது நினைவுக்கு வருகிறது. பூசைக்கு உரியதைவிட அதிகமாக அப்போது எங்கள் வீட்டில் சந்தனம் அரைபட்டது.

யுத்தக் காலம். கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சிக்கு அருகே ஒரு தகரக் கொட்டகையில் தீயணைப்பு லாரி நின்றது. அப்பா அதன் டிரைவர். மூட்டை சுமந்து கிழடான லாரியின் முதுகில் தண்ணீர் டேங்கைப் பூட்டிச் சிவப்புச் சாயம் அடித்து அனுப்பியிருந்தார்கள். மண்தடத்தின் குழிகளில் இறங்கி ஏறும்போது டேங்குத் தண்ணீர் முன்னும் பின்னும் மோதும். அவ்வளவு பாரத்தையும் தாங்கிய நீண்ட இரும்புச் சட்டம் ஒருமுறை விரிசல் விட்டது. சேலத்து மெக்கானிக் வந்து, தகடு ஒட்டி ரிவிட் அடித்துவிட்டுப் போனார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறந்தவன் போட்ட ஒட்டு. அது நிக்குமா?” என்று அம்மா அன்றே சந்தேகப்பட்டாள்.

அந்தப் பங்குனியில் ஒரு சந்தை நாள். மிளகு மூட்டையோடு மலையிலிருந்து இறங்கியிருந்த அரியூர் நாட்டு விவசாயி ஒருவர், சந்தையில் நின்ற அம்மாவையும் என்னையும் கடந்து போன லாரியைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்கம்மா, உங்கூட்டுக்காரரு வண்டிக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சுங்களா? நடுவுல தொங்கிக்கிட்டுப் போவுதுங்களே!” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், தூக்குப்போசியை என்னிடம் கொடுத்துவிட்டு லாரிக்கு அடியில் குனிந்தாள். யார் கண்ணிலும் படாத அந்தச் சட்டத்தில், கையகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது. “ஆயுத பூச முடிஞ்சு ஆறு மாசமாச்சு. இது மட்டும் எப்பிடிங்க இன்னும் ஈரமா இருக்குது?” என்றபடி முந்தானையால் துடைத்தாள். ரிவிட் துளையிலிருந்து கிளம்பிய புது விரிசல் துருவேறித் தெரிந்தது.

அவள் முதலில் மெக்கானிக்கைத்தான் திட்டினாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் கட்டைவிரலை முகர்ந்தாள்; சந்தனம் மணத்தது. அதன்பின் மெக்கானிக்கின் பேச்சை எடுக்கவில்லை.

“ஆபீசர் பாத்தா வண்டிய சேலத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க, புள்ளே. போனா திரும்பாது. கோடை வந்திருச்சு, அடிவாரம் பூராவும் கூரை ஊடு” என்றார் அப்பா.

“தண்ணியோட அது ரெண்டா முறிஞ்சா மொதல்ல போறது ஆருங்க?”

அதன்பின் சந்தனக்கல் ஈரமாக இருக்கிறதா என்று அம்மா நாள்தோறும் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

ஆபீசர் சோதனைக்கு வரவிருந்த காலை, அப்பா வழக்கம்போல் லாரியைக் குளத்துக்குத் தண்ணீர் நிரப்பக் கிளப்பினார். அம்மா என்னைத் தூக்கி முன்னிருக்கையில் உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டாள்.

“எறங்கு புள்ளே. இதென்ன வெளையாட்டு?”

“நல்ல வண்டின்னுதானுங்க ஆபீசர்கிட்டச் சொல்லப்போறீங்க? நல்ல வண்டியில நாங்களும் வாரோம். ஓட்டுங்க.”

அப்பாவின் கை ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தது. என்னைப் பார்த்தார். “எறங்கு சாமி” என்றார் மெதுவாக. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். ஆபீசர் வந்ததும், தோள் துண்டால் சந்தனத்தைத் தாமே துடைத்து, “இங்க பாருங்கய்யா” என்று காட்டினார்.

லாரியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் சொன்னபடியே அது திரும்பவில்லை. வைகாசியில் கீழத்தெருக் கூரைகள் பற்றின. கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தவர்களில் அப்பா முன்னால் நின்றார். அம்மா அவருக்கு அடுத்து நின்றாள். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வீடுகள் மிஞ்சவில்லை. லாரி இருந்திருந்தால் என்ற பேச்சை இருவருமே கடைசிவரை எடுக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் மன்னித்தார்களா, அந்தப் பேச்சுக்கு அஞ்சினார்களா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

சென்ற ஆயுத பூசையன்று மகனின் காருக்குப் பொட்டு வைக்க, அந்தக் கல்லில் சந்தனம் அரைத்தேன். வைக்குமுன் பொட்டு வைக்கப்போகும் இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

“புது வண்டிங்கம்மா!” என்று சிரித்தான்.

“இருக்கட்டும் கண்ணு” என்றேன். பிறகு, அடியிலிருப்பது தெரியும்படி மெல்லியதாக ஒரு பொட்டு வைத்தேன்.