வெண்ணெயில் வதக்கிய பயம்

வெண்ணெயில் பூண்டு சிவக்கும் வாசனை தோட்டத் தொழிலாளர் வரிசையான எங்கள் லயத்து வீட்டில் அதுவரை எழுந்ததே இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது; மலேசியாவில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம்; எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். துரை பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்த என் அக்கா, அங்கே பழகிய ஒரு பண்டத்தை எங்கள் விறகடுப்பில் செய்துகொண்டிருந்தாள். கீரையை வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, பொடியாக அரிந்து, பூண்டோடு வதக்கி, இனிக்காத டின் பாலும் துரையம்மா கொடுத்தனுப்பிய சீஸும் சேர்த்துக் கெட்டியாகிறவரை கிண்டவேண்டும். சூடு ஆறுவதற்குள் உப்பு பிஸ்கட்டால் வழித்துச் சாப்பிடவேண்டும்.

அன்று அக்காவைப் பெண் பார்க்கப் பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை லாரி ஓட்டுபவர். தோட்டத்துக்கு உரம் ஏற்றிவரும்போது அக்கா பார்த்திருக்கிறாள். அவள் மனதுக்கு அவர்தான். அவருடைய அம்மா சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. அந்த அம்மாவோ ரொம்பக் கண்டிப்பு என்று கேள்வி.

கீரையை நாங்கள் மலாய்ச் சொல்லால் "பயம்" என்போம். காதுக்கு, அச்சத்தைச் சொல்கிற பயம் மாதிரியேதான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தானாக முளைத்து, தினமும் தின்கிற அதை விருந்தாளிக்கு வைப்பதா என்று அம்மாவுக்கு வெட்கம்.

"கேட்டா துரை வீட்டுப் பலகாரம்னு மட்டும் சொல்லுலா. பயம்னு வாயத் தொறந்தே, பாத்துக்க!" என்று பிஸ்கட் தட்டில் கிண்ணத்தை வைத்து என் கையில் கொடுத்தார்.

ஆள் முகத்தைக் கண்டாலே ஒளிந்துகொள்கிற பிள்ளை நான். தட்டும் கிண்ணமும் கடகடக்க மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடி குட்டி, பயமா?"

கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஆமா பெரியம்மா, பயந்தான். வீட்டுக்குப் பின்னால முளைச்சது. அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

கதவிடுக்கில் நின்ற அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியம்மா விளங்காமல் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். விளங்கியதும் சிரிக்கத் தொடங்கியவர் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை.

"அடியே, உனக்குப் பயமான்னுல்ல கேட்டேன்!"

ஒரு பிஸ்கட்டால் வழித்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்த மகனிடம் திரும்பினார்.

"தம்பி, மூடி மறைக்கத் தெரியாத வீடுடா இது. பேசி முடிச்சிரலாம்லா."

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அம்மா என்னை வாயைத் திறக்கவே விடவில்லை.

இன்று லயங்கள் இருந்த இடத்தில் வரிசையாகக் கல்வீடுகள். பின்புறம் கால்வாய்வரை சிமெண்ட், ஒரு கீரை முளைக்க மண் இல்லை. பிள்ளைகள் போனிலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்லதுதான். பல்லெல்லாம் போன பிறகும் பெரியம்மா அக்காவிடம் அந்தக் கீரையைச் செய்யச் சொல்லி, பிஸ்கட்டை ஊறவைத்துச் சாப்பிடுவாராம். அவர் போனதோடு அக்கா அதைச் செய்வதை விட்டுவிட்டாள்.

"யாருக்குடி செய்றது? கேக்கிற ஆளு போயிட்டாங்கல்ல" என்கிறாள்.