புளியறை இறக்கத்தில் ஒடிந்த இரும்பு

இரும்பைப் பற்றிப் படிக்கச் சென்னை வரைக்கும் போக வேண்டுமா என்று தென்காசியில் இசக்கியப்பனைக் கேட்காத ஆள் கிடையாது. இன்ஜினியரிங்கில் மெட்டலர்ஜி என்று அவன் சொன்னால், "அப்ப பட்டறை வைக்கப் போறியாக்கும்" என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். 1962 ஜூன் மாதம், மூன்றாம் வருடப் பரீட்சையை முடித்துவிட்டு ஊருக்கு வந்த நான்காம் நாள் அந்தச் சிரிப்பு போனது போனதுதான்.

அன்றைக்கு அவன் அண்ணன் தளவாய் ஓட்டி வந்த பஸ், ஆரியங்காவிலிருந்து திரும்பும்போது புளியறை இறக்கத்தில் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. சாவு இல்லை. ஆனால் கீழப்பாவூர்ச் சந்தனமாரி, பலாப்பழம் வாங்கி விற்கிறவள், முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்து தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஸ்டியரிங்கச் சுத்துதேன், வண்டி திரும்ப மாட்டேங்குது" என்று தளவாய் தொண்டை கட்டும் மட்டும் சொல்லிப் பார்த்தான். யார் கேட்கிறார்கள்? குற்றாலத்தில் சீசன், கூட ஒரு டிரிப் அடிக்கலாம் என்று பறந்து வந்திருக்கிறான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. கம்பெனிக்காரர்களும் அதற்கு ஒத்து ஊதினார்கள். ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கை ஒன்று இரண்டாக ஒடிந்து கிடந்தது. பஸ் விழுந்ததால் அது ஒடிந்ததா, அது ஒடிந்ததால் பஸ் விழுந்ததா? கேஸே இவ்வளவுதான். விழுந்துதான் ஒடிந்தது என்று ஆகிவிட்டால் தளவாய்க்கு ஜெயில். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் கம்பெனி ஷெட்டுக்கு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவதாக ஏற்பாடு.

"அண்ணே, நான் பாத்துச் சொல்லுதேன்" என்றான் இசக்கியப்பன். "ஒரே அடியில ஒடிஞ்ச இரும்பும் நாள்பட்டு ஒடிஞ்ச இரும்பும் ஒண்ணுபோல இருக்காது. ஒடிஞ்ச எடத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

"நெசமாவாலே?"

"நெசமாத்தான். அதத்தான இந்த வருஷம் படிச்சேன்."

நாலு நாளாகச் சோறு இறங்காத தளவாய் அன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே இருவரும் ஷெட்டில் நின்றார்கள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெக்கானிக் கிதிர் முகம்மது, கம்பெனிக்குத் தெரியாமல் சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒடிந்த துண்டை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தார். இசக்கியப்பன் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினான். 

அவன் தேடியது இருந்தது. பாதிக்கு மேல் கறுத்து, துருவேறி, வளையம் வளையமாகக் கோடு. மிச்சம் மட்டும் புதுசாக, உடைத்த வெல்லம்போல் மணல் மணலாக மின்னியது. மாதக்கணக்கில் உள்ளுக்குள் கீறல் ஓடி, கடைசித் துணுக்கு மட்டும் அந்த இறக்கத்தில் விட்டிருக்கிறது. "அண்ணே, நீ தப்பிச்சே" என்றான். தளவாய் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். படித்தவன் கை சும்மா இருக்குமா? அந்த வளையங்களெல்லாம் எந்த இடத்திலிருந்து புறப்பட்டிருக்கின்றன என்று பார்க்க ஆசைப்பட்டு, ஓரத்தில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தான். உளியால் வெட்டிய 'த' என்ற எழுத்து பாதியாக நின்றது. அதன் அடிக் கோட்டிலிருந்துதான் கீறல் கிளம்பியிருந்தது.  அது அவன் வெட்டிய எழுத்து.

போன வருட சீசன் லீவில் நடந்தது அது. தளவாயின் பஸ்ஸுக்குப் புதுசாக இந்தக் கையைப் போட்டிருந்தார்கள். ஒரு வண்டிச் சாமானைக் கழற்றி இன்னொரு வண்டிக்கு மாட்டுவது அந்த ஷெட்டில் சர்வ சாதாரணம். இந்தப் பக்கத்து வீடுகளில் குடத்திலிருந்து கரண்டி வரைக்கும் பெயர் வெட்டாமல் ஒரு சாமான் அடுக்களைக்குள் நுழையாது. அந்தப் புத்திதான். "ஒம் பேரை வெட்டிட்டா எவன் தொடுவான்?" என்று சொன்னவன் இசக்கியப்பன். எதுக்குலே, வேண்டாம் என்றான் தளவாய். இவன் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து, எவனும் அரத்தால் ராவி எடுத்துவிடக் கூடாதென்று ஆழமாகவே வெட்டினான்.

இரும்பில் ஒரு சின்ன வெட்டு போதும், பாரமெல்லாம் அங்கேதான் வந்து குவியும் என்று பிறகு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அவன் படம் போட்டுப் பரீட்சையும் எழுதினான். அப்போதுகூட அந்தப் பாவிக்கு இந்த பஸ் ஞாபகம் வரவில்லை.

அந்த எழுத்திலிருந்துதான் கீறல் என்று இருவரிடமும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். கிதிர் முகம்மது ஒரு அரத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

"ராவிப் போடுலே" என்றான் தளவாய். "அரை மணி இருக்கு. கேஸுன்னு வந்தா ஒன்னக் காலேஜ்ல வச்சிருப்பாவளா?"

இசக்கியப்பன் அரத்தை எடுத்தான். எழுத்தை ராவினால் கீறல் தொடங்கிய இடமும் போய்விடும். புதுசாக ராவின தடத்தைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் மிச்சம் எதையும் நம்ப மாட்டார். ராவாவிட்டால் அவன் படிப்பு போகும். அரத்தை இரும்பில் வைத்தபடி அவன் எவ்வளவு நேரம் நின்றானோ, வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு இழுப்புக்கூட இழுத்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை வெகுநேரம் பார்த்தார். பழைய கீறல்தான் என்று அவரே சொன்னார். பிறகு எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது யார் வேலை?"

"நாந்தான் சார்" என்றான் தளவாய். "எம் பேரு."

"அப்போ நீயே உன் வண்டியைக் கெடுத்திருக்கே" என்று அவர் பேனாவைத் திறந்தார். தளவாய் தலையைக் குனிந்துகொண்டான்.  பேனா தாளைத் தொட்ட பிறகுதான் இசக்கியப்பன் வாயைத் திறந்தான்.

"அண்ணன் இல்ல சார். நான் வெட்டுனேன். அவுக வேண்டாம்னுதான் சொன்னாவ."

"நீ யாரு?"

"தம்பி சார். மெட்டலர்ஜி படிக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மெட்டலர்ஜி படிக்கிறவனா இதைச் செய்தே?"

"வெட்டும்போது ரெண்டாம் வருஷம் சார். இது மூணாம் வருஷப் பாடம்."

யாரும் சிரிக்கவில்லை. இரும்பு முன்பே விரிசல் விட்டிருந்தது, ஓட்டியவன் மேல் குற்றமில்லை என்று அவர் எழுதினார். பெயரை வெட்டியது யார் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். போலீஸ் கூப்பிட்டால் வர வேண்டும் என்று இசக்கியப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தளவாய் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாரலில் நனைந்துகொண்டே ரோட்டுக்கு வந்த பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீட்டுக்கு வா" என்றான். "நான் அவகிட்ட மன்னிச்சிரு தாயின்னு கேட்டுட்டேன். நீ இன்னும் கேக்கல."

சந்தனமாரி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் பாதியோடு தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"நான் டிரைவர் தளவாயோட தம்பி, அக்கா. அண்ணன் மேல தப்பில்ல. நாந்தான் அந்த இரும்புல பேரு வெட்டுனேன். அதான் ஒடிஞ்சிட்டு."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். வெட்டியதை, கீறல் விட்டதை, ஒரு வருடமாக அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க வீட்டுக் குடத்துல, போணியிலெல்லாம் எம் பேரு வெட்டித்தான் கெடக்கு" என்றாள் சந்தனமாரி. "இத்தன வருஷமா ஒண்ணும் ஒடியலையே தம்பி. இதுக்குப் போயி ஏன் அழுத?"

அதற்குப் பதில் அவனுக்குத் தெரியும்; குடத்துக்கு பஸ்ஸின் பாரமும் குலுக்கலும் கிடையாது. பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவான். அவளிடம் ஒரு வரி சொல்ல அவனால் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.